மூன்று நாள் பல்கலைக்கழகம்

வளாகத்துக்குள் பெயின்ட் டப்பாக்கள் லாரியில் வந்து இறங்கினால் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும், நாக் குழு வரப்போகிறது என்று. ஐந்து வருடமாக ஒழுகிய கூரைக்கு ஒரு கொத்தனார் அகப்படவில்லை. இப்போது வாசலில் வரிசை கட்டி நிற்கிறார்கள். விடுதி மாணவிகள் மனுமேல் மனுவாகக் கொடுத்தும் வராத தண்ணீர், பதிவாளர் ஒருமுறை தொண்டையைச் செருமியதும் குழாயில் கொட்டுகிறது. ஆகவே ஒன்று நிரூபணமாகிவிட்டது: நம் பல்கலைக்கழகங்களுக்குச் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. மாணவருக்காகச் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான்.

நாக் எனப்படும் தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழுவை 1994-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தொடங்கியது. தலைமையகம் பெங்களூரு. பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டமைப்பு, மாணவர் நலன், நிர்வாகம், விழுமியங்கள் என்று ஏழு அளவுகோல்கள். நான்குக்கு மதிப்பெண், 3.51-ஐத் தொட்டால் ஏ++. சான்று பொதுவாக ஐந்தாண்டு செல்லும். அதாவது, ஐந்தாண்டில் மூன்று நாள் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக இருந்தால் போதும்.

அந்த மூன்று நாளுக்கான ஏற்பாடுகளைப் பாருங்கள். நர்சரியிலிருந்து பூந்தொட்டிகள் வாடகைக்கு வருகின்றன. மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் பெயர்ப்பலகை வந்துவிட்டது, குழி வந்துகொண்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் கட்டியாயிற்று. அது போய் முட்டும் கதவு மட்டும் பூட்டியிருக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் மாணவர் மேலே போய்ப் பூட்டைத் தரிசித்துவிட்டுக் கீழே இறங்கலாம். ஏறினார், இறங்கினார், அளவுகோல் ஏழு நிறைவேறியது. போட்டோ எடுத்தாயிற்று, அட்சரேகை தீர்க்கரேகையோடு. ஜியோடேக் செய்த படம் பொய் சொல்லாது. எந்த இடத்தில் பொய் சொன்னார்கள் என்பதைத்தான் சொல்லும்.

கோப்பு அறைக்கு வாருங்கள். கூடாத கூட்டங்களுக்கு அங்கே தீர்மானப் புத்தகம் எழுதப்படுகிறது. போன வருடம் பணியில் சேர்ந்தவர், அதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்த கூட்டத்தில் நன்றியுரை ஆற்றியிருக்கிறார். நன்றாகவும் பேசியிருக்கிறார். நூலகப் பதிவேட்டில் நான்கு வருடத்து வாசகர்கள் அத்தனை பேரும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எதிர்த்தரப்பு நிறுவனத்தின் மேலாளருக்கு மட்டும் அதில் ஒன்றும் புரிந்திருக்காது, ஏனென்றால் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்? பிஎச்.டி. மாணவர்கள். ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளைகள் நள்ளிரவு வரை எக்செல் தாளில் எண்களை நிரப்புகிறார்கள். மறுக்க முடியுமா? ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அல்லவா சொல்கிறார்! அடுத்து கௌரவ விரிவுரையாளர்கள். இவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019-இல் சொன்னது. அரசுக் கல்லூரிகளில் நெடுநாள் அதில் பாதிகூட எட்டவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வகுப்பையும் நடத்தி, ‘ஆசிரியர் நலத் திட்டங்கள்’ என்ற தலைப்பில் இரண்டு பக்கக் கட்டுரையையும் அவர்களே எழுத வேண்டும். கழிப்பறைகளைப் பளபளக்க வைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு உத்தரவு இன்னும் எளிது: குழு வரும்போது கண்ணில் படாதே.

மாணவர்களுக்கும் ஒத்திகை உண்டு. “நூலகம் எத்தனை மணி வரை?” “இரவு எட்டு மணி வரை, சார்.” “யாராவது குறை சொல்வீர்களா?” “குறையே இல்லை, சார்.” நான்கு மணிக்கே நூலகக் கதவு சாத்தப்படுவதைப் பார்த்துப் பழகிய பிள்ளை இதை மனப்பாடம் செய்கிறது. பொய் சொல்வது எப்படி என்று ஒரு பல்கலைக்கழகம் மும்முரமாக, தனிக்கவனத்தோடு, மீள்பயிற்சியோடு நடத்தும் ஒரே பாடம் இதுதான். நூற்றுக்கு நூறு தேர்ச்சி.

பெயின்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக முடியாது. 2017-இல் வந்த திருத்திய முறையில் மதிப்பெண்ணில் சுமார் 70 சதவீதம், பல்கலைக்கழகம் தானே எழுதி அனுப்பும் தன்னாய்வு அறிக்கையின் எண்களிலிருந்தே வருகிறது. அதைச் சரிபார்ப்பவர்களும் பெரும்பாலும் ஆவணங்களைத்தான் பார்க்கிறார்கள். நேரில் வரும் குழுவுக்கு மிஞ்சுவது 30 சதவீதம், பொன்னாடை, மாலையில் கரகாட்டம். வகுப்பறையில் பாடம் நடக்கிறதா என்பதைவிட, நடந்ததாகக் காகிதம் இருக்கிறதா என்பதே கேள்வி. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். இங்கே சித்திரம் தயார். சுவர் அடுத்த சுழற்சிக்கு.

இந்தப் பாடு எதற்கு? 2018-இல் வந்த தரப்படுத்திய தன்னாட்சி விதிகளின்படி 3.51 எடுத்தால் பல்கலைக்கழகம் முதல் வகை. யுஜிசியிடம் கேட்காமலே புதிய படிப்புகளைத் தொடங்கலாம். ஒரே நிபந்தனை, அதற்கு அரசிடம் காசு கேட்கக் கூடாது. அப்படியானால் காசு எங்கிருந்து வரும்? உங்கள் மகளின் கட்டணத்திலிருந்து. ஏ++ என்பது தரத்துக்குக் கிடைத்த பரிசாக இருக்கலாம். கல்லாப்பெட்டிக்குக் கிடைத்த சாவி என்பது உறுதி.

சாவிக்கு விலை உண்டு என்று சிலர் நினைத்ததில் வியப்பில்லை. நாக் செயற்குழுத் தலைவராக இருந்த பூஷண் பட்வர்தன், முறைகேடுகள் நடப்பதாகச் சொல்லி 2023-இல் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. பத்துப் பேரைக் கைது செய்தது. குண்டூர் மாவட்டத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஏ++ தர லஞ்சம் கைமாறியது என்பது குற்றச்சாட்டு. கைதானவர்களில் ஆய்வுக் குழுவின் தலைவரும் ஒருவர். அவர் வேறொரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கைப்பற்றியதாகச் சி.பி.ஐ. சொன்னவை: 37 லட்சம் ரூபாய் ரொக்கம், ஆறு மடிக்கணினிகள், ஒரு ஐபோன். தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஏழு அளவுகோல்களுக்கு எட்டாவதாக ஒன்று இருக்கிறது என்ற பேச்சு வளாகங்களில் புதிதல்ல.

லஞ்சமே இல்லாத இடத்தில் மட்டும் எழுத்து உண்மை பேசுகிறதா? 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் 2023-இல் ஏ++ பெற்றது. அதே ஆண்டு துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. ஆளுநரும் மாநில அரசும் மல்லுக்கட்டியதில் அந்த நாற்காலி நெடுங்காலம் காலியாகவே கிடந்தது. 2024-இல் வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 2021-இல் ஏ++ வாங்கியது. சில ஆண்டுகளில் அங்கே பணியாளர்கள் சம்பளத்துக்கும் ஓய்வு பெற்றவர்கள் ஓய்வூதியத்துக்கும் போராட வேண்டியிருந்தது. நாட்டின் உச்ச மதிப்பீடு கையில், மாதச் சம்பளம் கையில் இல்லை. நிதியைச் சுருக்கிய அரசுகளுக்கும் நாற்காலிச் சண்டை போட்டவர்களுக்கும் எந்த அளவுகோலிலும் மதிப்பெண் குறையவில்லை. அவர்களை மதிப்பிட எந்தக் குழு, எந்த வளாகத்துக்கு வரும்?

இனி எழுத்தெல்லாம் வேண்டாம், அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்று சொல்வோம் என 2024-இல் நாக் அறிவித்தது. நல்லது. எண்ணை எழுதித் தருபவர் அதே ஆள் என்றால், ஏமாற்ற வேண்டிய கட்டங்கள் குறைந்ததுதான் லாபம்.

ஆகவே மாணவர்களே, உங்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தன்னாய்வு அறிக்கை ரகசியமல்ல. பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே வெளியிட வேண்டிய ஆவணம். இறக்கிப் படியுங்கள். நீங்கள் பெற்றதாக எழுதியிருக்கும் உதவித்தொகையை, நீங்கள் உட்கார்ந்ததாக எழுதியிருக்கும் ஆய்வகத்தை, உங்களுக்குப் பாடம் எடுத்ததாக எழுதியிருக்கும் பேராசிரியரை வரிக்கு வரி தேடுங்கள். காணாததையெல்லாம் பட்டியலிட்டு, குழு வரும் நாளில் அவர்கள் கையில் கொடுங்கள். ஒத்திகையில் சொல்லித் தந்த பதிலை மறந்துவிடுங்கள்.