முழுசாக மடக்குங்கள், முட்டி தேறும்

கேள்வி: உப்பளத்தில் நாளெல்லாம் குனிந்து நிமிர்கிறோம். எங்களுக்கும் தனியாக உடற்பயிற்சி வேண்டுமா? முழுசாக உட்கார்ந்து எழுந்தால் முட்டி தேய்ந்துவிடும் என்கிறார்களே?
– வாசகர், மரக்காணம்

பதில்: படிப்படியாகப் பழகினால் தேயாது, தேறும்! தனிப் பயிற்சியும் வேண்டும்; ஏன் என்று பாத்தியில் உப்பு வாரும்போது கவனியுங்கள். நீளக் கைப்பிடிப் பலகையை இழுக்கையில் இடுப்பு பாதி வளைகிறது, முட்டி கொஞ்சம் மடங்குகிறது, கை தோளுக்கு மேலே போவதே இல்லை. உழைப்பு முழுசு, அசைவு அரைகுறை. ஒரே கோணத்தில் பாரம் விழுந்துகொண்டே இருந்தால் இடுப்பு சாயங்காலம் கணக்குக் கேட்கத்தான் செய்யும்.

மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நீளும்போது பஞ்சு போல அமுங்கி விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. தசையோ, பழகிய கோணத்தில்தான் அதிகம் பலப்படும். முழு வீச்சில் பழகினால் பலத்தோடு வளைவும் கூடும்.

நம் தேகப்பயிற்சிக் கூடங்களின் கர்லாக்கட்டை தோளை முழு வட்டம் சுற்ற வைக்கும். உட்கார்ந்து எழும் பஸ்கி இடுப்பையும் முட்டியையும் அடிவரை மடக்கும். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வலிக்காத ஆழம்வரை மெல்ல இறங்குங்கள். வாரத்துக்கு 2, 3 நாள் போதும். தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் உறுதிப்படும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் ஓயும். ஆரம்பிக்க அதுவே நல்ல நேரம். முட்டி வீங்கியிருந்தால் மட்டும் முதலில் டாக்டர், பிறகு பஸ்கி.