கப்பலைக் காணாமை: ஒரு பிரமாண விசாரணை

ஆழமில்லாத கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பலைப் பார்க்கவென்று முதன்முதலாக நீருக்குள் இறங்குகிறவன், அக்கப்பலின் மீதே மிதந்துகொண்டு, ‘கப்பல் எங்கே?’ என்று வழிகாட்டியைக் கையசைத்து வினவும் விநோதத்தைப் பண்டிதர்கள் இதுகாறும் உரிய சிரத்தையோடு ஆராயாதது சாஸ்திர உலகின் பெருங்குறை. அதனை நீக்கும் பொருட்டு, பாலித் தீவின் வடகிழக்குக் கரையிலுள்ள துலாம்பென் என்னும் சிற்றூரைக் களமாகவும், காண்டல், கருதல், உரை என்னும் நம் முன்னோரின் அளவைகளைக் கருவிகளாகவும் கொள்கிறோம். அவற்றின் வரிசையைத் தலைகீழாக்கியிருப்பதற்குக் காரணம், கடலுக்குள் காண்டல் கடைசியில்தான் வருகிறது என்பதே.

உரையில் குறையில்லை. 1918-இல் கட்டப்பட்ட ‘லிபர்ட்டி’ என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பல், ரப்பரும் ரயில்பாதைச் சாமான்களும் ஏற்றி வருகையில், 1942 ஜனவரி 11-ஆம் தேதி லொம்போக் ஜலசந்தியருகே ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவால் அடிபட்டு, இரு போர்க்கப்பல்களால் சிங்கராஜாவை நோக்கி இழுத்துச் செல்லப்பட்டு, அதுவரை தாங்காதென்று தெரிந்தபின் துலாம்பென் கரையில் ஏற்றிவிடப்பட்டதென்றும், 1963-இல் ஆகுங் எரிமலை சீறியபோது உண்டான அதிர்ச்சியால் கடலுக்குள் சரிந்ததென்றும் வழிகாட்டி கரையிலேயே ஓதிவிடுகிறார். (இரண்டாம் யுத்தத்தின்போது அமெரிக்கர் வரிசை வரிசையாகக் கட்டித் தள்ளிய லிபர்ட்டி வகைக் கப்பல்களுள் இதுவும் ஒன்றென்பார் உளர், அவ்வகையில் முதற்கப்பல் நீரில் இறங்கியதே 1941-இல் ஆதலின், தாயினும் மூத்த மகளைக் கற்பிக்கும் அக்கூற்றைத் தள்ளுகிறோம்.)

கருதலில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. மீன்கள் மொய்க்குமிடத்தில் கப்பல் உண்டு என்று அனுமானித்தவன், துலாம்பெனில் மீன் மொய்க்காத இடமே அரிது என்று கண்டு, ஹேதுவையும் கைவிட்டு, வழிகாட்டியின் துடுப்புக் காலணியையே பின்தொடர்கிறான்.

இனிக் காண்டல். உள்ள பொருள் காணப்படாமைக்குச் சாங்கிய காரிகை எட்டுக் காரணங்கள் கூறுகிறது. அதன் ஆசிரியர் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவரல்லர் என்றாலும், இறங்கியிருந்தால் அதிகமாக ஒன்றும் சேர்த்திருக்கமாட்டார். இந்திரியக் கேடு என்பது இங்கே முகக்கண்ணாடியில் படரும் ஆவி. அதற்கு எச்சில் துப்பித் தேய்ப்பதே உலகெங்கும் மூழ்குவோர் கைக்கொள்ளும் பரிகாரமாயிருக்க, ஆசாரசீலனான புதியவன் கூச்சத்தால் துப்பாமலே இறங்கிவிடுகிறான். ஒத்த பொருளோடு கலத்தல் என்பது பவளமும் கடற்பஞ்சும் இரும்பைப் போர்த்தியிருப்பது. போதாக்குறைக்கு, நீர் சிவப்பொளியை முதலில் விழுங்கிவிடுவதால் துருவும் தன் நிறமிழந்து பாறை நிறமாகிறது. மனம் வேறிடத்தில் இருத்தல் என்னும் காரணமோ எல்லாவற்றிலும் பலமானது: காற்றுமானியின் முள்ளைப் பார்ப்பதும், மூக்கைப் பிடித்துக் காதை ஊதித் திறப்பதும், மூச்சை அடக்கலாகாதென்ற கட்டளையை ஜபிப்பதுமாக இருப்பவனுக்குப் போர்க்காலச் சரித்திரத்தில் நாட்டம் செல்ல இடமேது? எட்டில் இங்கே பொருந்துவனவற்றுள் எஞ்சியது அதிசாமீப்யம், அதாவது மிக அருகில் இருத்தல். 120 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலின் ஒரு தகட்டருகே மூக்கை வைத்திருப்பவன் காண்பது ஒரு தகட்டையே. அதுவும் நீரிலிருந்து முகக்கண்ணாடிக்குள்ளிருக்கும் காற்றுக்கு வருகையில் ஒளி முறிவதால் மூன்றிலொரு பங்கு பெருத்துத் தோன்றும் தகடு.

இங்கே பூர்வபட்சி ஒருவன் எழுகிறான். சிலிண்டரின்றி, சுவாசக் குழலை வாயில் கவ்விக்கொண்டு மேலே மிதப்பவன் அவன். கப்பலின் மேல்விளிம்பு சுமார் 5 மீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், நீர் தெளிந்த நாளில், பக்கவாட்டில் சாய்ந்த அதன் உருவத்தைக் கீழே சென்றவனைவிடத் தானே நன்றாகக் கண்டதாக வாதிக்கிறான். பணமும் பிரயாசையும் மிகுதியாகச் செலவிட்டவன் குறைவாகக் கண்டான் என்னும் இக்கட்சியை மறுக்க நமக்கு மனமிருக்கிறது, யுக்திதான் இல்லை.

எனினும் காண்டல் அறவே நிகழாமலில்லை. காற்று பாதி தீர்ந்த தறுவாயில், முள்ளின்மேலிருந்த கண் தற்செயலாக விலக, தகடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து சரக்கறையாகி, சரக்கறை கப்பலாகி, அந்தப் பிரம்மாண்டம் முழுவதும் ஒரே கணத்தில் புலனாகிறது. ஆனந்தம் மேலிட, புதியவன் வழிகாட்டியை நோக்கிக் கட்டைவிரலை உயர்த்துகிறான். கடலடிச் சைகை சாஸ்திரத்தில் அதற்கு ‘மேலே போகவேண்டும்’ என்று பொருள். சாஸ்திரம் பிறழாத வழிகாட்டி, அவன் தோளைப் பற்றி உடனே மேலே கொண்டு போய்விடுகிறார்.