கற்றாழைக்கு வாய்த்த வள்ளல்கள்

முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த பாரியைப் பாடக் கபிலர் இருந்தார். கற்றாழைக்கு யூரியா கொடுப்பவர்களைப் பாடத்தான் ஆளில்லை. பாரி, படரக் கொம்பில்லாமல் தவித்த கொடிக்குக் கொடுத்தான். தேவை இருந்தது, கொடுத்தான். அதில் என்ன பெரிய கொடை? எந்தத் தேவையும் இல்லாத செடிக்கு, அது நுனி கருகி வேண்டாம் என்று காட்டிய பிறகும், கை சலிக்காமல் அள்ளிக் கொடுப்பதல்லவா கொடை!

சோற்றுக்கற்றாழை பிறவி ஏழை. அரேபியத் தீபகற்பத்தின் வறண்ட கல் சரிவுகளில் பிறந்தது. நம் ஊருக்கு வந்த பிறகும் வேலியோரம், வரப்பு மேடு, கிணற்றடிச் சரளை என்று வேறெதுவும் வளராத இடத்திலேயே பிழைத்தது. கண்ணேறு கழிய வாசல் நிலையில் வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோமே, மண்ணும் தண்ணீரும் இல்லாமலே மாதக்கணக்கில் பசுமையாக இருக்கிறது. இலை நுனிகள் மெல்ல மேல்நோக்கி வளைகின்றன. சில வீடுகளில் பூத்ததும் உண்டு. இவ்வளவு குறைந்த தேவையோடு ஒரு செடி வாழ்வதைப் பார்த்துக்கொண்டிருக்க நம்மவர்களின் இரக்க நெஞ்சம் இடம் கொடுப்பதில்லை.

முதலில் மாடித்தோட்ட வள்ளல்கள். செம்மண்ணும் பருமணலும் சரிபாதி, மக்கிய தொழுவுரம் ஒரு பிடி என்று தொட்டியில் போட்டால், ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கி ஓடிவிடும். அந்த நன்றிகெட்ட கலவையை இவர்கள் தொடுவதில்லை. தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமுமாக நிரப்புகிறார்கள். நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும்; நாற்றுக்கும் கீரைக்கும் அதனால்தான் அது அருமருந்து. அதே உபகாரம் கற்றாழைக்கும் குறைவில்லாமல் கிடைக்கிறது. தொட்டியோ பளபளக்கும் பீங்கான், அடியில் துளை கிடையாது. டைல்ஸில் கறை படியாது. ஒரு சொட்டும் வீணாகாது, முழுதும் வேருக்கே போய்ச் சேரும்.

போய்ச் சேர்ந்த இடத்திலேயே நிற்கவும் செய்யும். கற்றாழை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து காற்றை வாங்குகிறது. அதனால் அது மண்ணிலிருந்து இழுக்கும் தண்ணீர் மிகக் குறைவு. வேரும் ஆழம் போகாது. மேல்மண்ணிலேயே பக்கவாட்டில் படரும். மண் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கவேண்டிய இடமெல்லாம் நீர் நிரம்பினால் வேர் மூச்சுத் திணறும், பித்தியம், ஃபியூசேரியம் போன்ற அழுகல் கிருமிகள் புகும். இந்த இடத்தில்தான் வள்ளலின் கூர்ந்த பார்வை உதவிக்கு வருகிறது. அழுகிய வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. அதனால் இலை மெலிந்து, குழிந்து, உள்பக்கமாக மடங்கும். தாகத்தில் வாடும் கற்றாழைக்கும் இதே தோற்றம்தான். அவர் பார்க்கிறார், மனம் பதறுகிறது, ஒரு சொம்பு ஊற்றுகிறார். மறுநாள் இன்னொரு சொம்பு. அடியிலை நீர் கோத்துக் கறுக்கிறது. தூர் கொழகொழத்து நாற்றமெடுக்கிறது. ஒருநாள் தொட்டவுடன் செடி வேரை விட்டுவிட்டுக் கையோடு வந்துவிடுகிறது. கடைசிவரை அதைத் தாகத்தில் தவிக்கவிடாதவர் அவர்.

வெயில் ஏறும் பருவத்தில் ஒரு பிடி மக்கிய உரம் போட்டால் வருடம் முழுக்கப் போதுமென்று இருக்கும் செடி இது. அதற்கு வாரந்தோறும் அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், வாழைப்பழத் தோல் ஊறல், போதாதென்று கடையில் வாங்கிய 19:19:19 உரம். வளர்ச்சி மந்தப்படும் மார்கழியிலும் இந்த விருந்து நிற்பதில்லை. மிஞ்சிய உப்பு மண்மேல் வெள்ளையாகப் படியும், இலை நுனி பழுப்பேறிக் கருகும். அதைச் சத்துக் குறைவென்று கணித்து அளவைக் கூட்டுகிறார்களே, அந்த மருத்துவ ஞானத்தையும் இங்கே பாராட்டிவிட வேண்டும்.

தொட்டியில் போவது ஒரு செடி. வயலில் கொடுப்பவர்களின் பெருமை அதைவிட மிகப் பெரிது.

கற்றாழைக்கு மண்ணில் பெரிய எதிர்பார்ப்பு கிடையாது. தண்ணீர் வடிய வேண்டும், அவ்வளவுதான். மணல் கலந்த செம்மண், சரளை, சற்றே களர்ப்பாங்கான நிலம், எதுவானாலும் பிழைத்துக்கொள்ளும். கரிசலில் நடுவதென்றால் மேட்டுப்பாத்தி எடுத்து வடிகால் விட வேண்டும். அந்தக் கூலியை மிச்சப்படுத்திச் சமநிலத்தில் நடச் சொல்லும் ஆலோசகர்களின் சிக்கனம் போற்றத்தக்கது. பருத்தியையும் சோளத்தையும் காலங்காலமாகக் காத்த கரிசலின் ஈரப்பிடிப்பு, ஐப்பசி மழையைக் கற்றாழைத் தூரிலும் அப்படியே தேக்கிவைக்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்ட தோட்டம் நான்கைந்து வருடம் இலை தரும். இந்தச் செடிக்கு அவ்வளவு நீண்ட உழைப்பிலிருந்து முதல் மழையிலேயே விடுதலை.

உரத்துக்கு வருவோம். ஹெக்டேருக்கு 10 முதல் 15 டன் தொழுவுரம் கடைசி உழவில் போட வேண்டுமானால் மாடு வேண்டும், வண்டி வேண்டும், அள்ள ஆள் வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் 266 ரூபாய் 50 காசு. அதில் 46 சதவீதம் தழைச்சத்து. இவ்வளவு சத்தை இவ்வளவு மலிவாக வீட்டு வாசலில் இறக்கிவைத்த பிறகு, மாட்டைத் தேடிப் போகிறவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்றுதான் ஊர் சொல்லும்.

தழைச்சத்து ஏறியதும் இலை என்னமாய்ப் பெருக்கிறது! நீர் கோத்து, சதை தளர்ந்து, நிமிர்ந்து நின்றது சரிந்து விழுகிறது. கொள்முதல் கிலோ கணக்கில். “இன்னும் ரெண்டு மூட்டை போடுங்கண்ணே, எடை தூக்கும்” என்கிறார் முகவர். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, எடை தூக்கத்தான் செய்கிறது. கற்றாழைச் சோற்றில் நூற்றுக்கு 98, 99 பங்கு தண்ணீர். அசிமனான் முதலான மருந்துச் சரக்கெல்லாம் மிஞ்சிய அந்த ஒன்றிரண்டு பங்கில்தான். சாறு அசல் கற்றாழைதானா என்று பார்த்துச் சான்று தரும் சர்வதேச அமைப்பு, உலர்ந்த பொருளில் குறைந்தது 5 சதவீதம் அசிமனான் இருக்கவேண்டும் என்கிறது. கொள்முதல் தராசு அப்படியெல்லாம் கெடுபிடி செய்வதில்லை. அளவாகத் தண்ணீர் காட்டி, மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர் விட்டு, தொழுவுரத்தில் வளர்த்த இலை சிறியதாக இருக்கும். கூழ் கெட்டியாக இருக்கும். அதைச் சுமந்துகொண்டு போகும் விவசாயிக்கு எடை குறைவென்று பணமும் குறைகிறது. அவரை நினைத்தால் வயிறு எரிகிறது. தன் கிணற்றுத் தண்ணீரை இலைக்குள் ஏற்றிக் கொண்டுவருபவருக்குக் கிலோ விலை கொடுத்து, சரக்கைக் கொண்டுவருபவரின் கூலியைப் பிடித்துக்கொள்ளும் இந்தச் சந்தைக்கு இருப்பது தங்க மனசுதான்.

உரக்கடை முதலாளியை விட்டுவிட்டால் பாவம் வரும். கன்று, யூரியா, அழுகல் வந்ததும் அடிக்கப் பூஞ்சைக்கொல்லி, எல்லாம் அவரிடமே கிடைக்கும், அதுவும் கடனுக்கு. ஒரு நடவு அழுகிப்போவதற்கு முன்பே அடுத்த நடவுக்கான கன்றைத் தருவித்து வைத்திருப்பார். செடிகள் செத்துவிடுகின்றன, அவற்றுக்குக் கொடுத்த உரக்கடனை மட்டும் சாகவிடாமல், வட்டியோடு நோட்டில் வளர்த்து வருகிறார்.