காற்று யார் பக்கம்? – கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், உடம்பு வாடையை அடக்கும் உடை என்று ஒன்றைப் பெரிய விலை கொடுத்து வாங்குகிறார்களாமே! அதைப் போட்டால் மானுக்கு மனித வாடை தெரியாதா? (சிவகாசி வாசகர்)

பதில்: தெரியும். வாடை கொஞ்சம் குறையலாம், ஆள் மறைய முடியாது. அந்த உடைகளில் பலவற்றில் துணி அடுக்குகளுக்கு நடுவே ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்ற கரியைப் பொதிந்து தைத்திருப்பார்கள். நம் வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் இருப்பதும் அதே சரக்குதான். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, கடும் சூட்டில் நீராவி கொடுத்துப் பதப்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அது கப்பல் ஏறுகிறது. ஒரே ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பைக் கூட்டினால் 500 சதுர மீட்டருக்கு மேல் வரும். வாடை மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அதுவரை அறிவியல் சரிதான்.

ஆனால் மனித வாடை சட்டைக்குள் மட்டுமா இருக்கிறது? வியர்வையைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் சிதைப்பதால் எழும் வாடை ஒரு பங்கு. ஓயாமல் உதிர்ந்து காற்றில் பறக்கும் தோல் செதில்கள் இன்னொரு பங்கு. தலைமுடி, முகம், செருப்பு, கை வைத்த கிளை என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் மேலே மூச்சு. காலையில் தின்ற வெங்காயம்வரை அது ஊருக்குச் சொல்லிவிடும். மூச்சுக்கு உறை போட எந்தத் தையல்காரராலும் முடியாது.

கேள்வி: யாராவது முறையாகச் சோதித்துப் பார்த்தார்களா, இல்லை இது உங்கள் கணிப்பா? (விருதுநகர் வாசகி)

பதில்: சோதித்தார்கள். ஜான் ஷிவிக் என்ற அமெரிக்க வனவிலங்கு ஆய்வாளர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கரி உடை போட்டவர்களையும் சாதாரண உடை போட்டவர்களையும் ஒளிந்திருக்கச் சொல்லி, தேடுதல் நாய்களை அனுப்பினார். நாய்கள் இரண்டு தரப்பையும் கண்டுபிடித்துவிட்டன. உடையால் பெரிய பலன் இல்லை.

விஷயம் கோர்ட் படியும் ஏறியது. மின்னசோட்டா மாநிலத்து வேட்டைக்காரர்கள் சிலர் 2007-ல் ‘சென்ட் லாக்’ உடையைத் தயாரிக்கும் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். வாடையை அறவே நீக்கும் என்றும், துணி உலர்த்தும் மெஷினில் போட்டுச் சூடாக்கினால் கரி மறுபடி புதிதாகிவிடும் என்றும் சொன்ன விளம்பரங்கள் பொய் என்பது வாதம். 2010-ல் மாவட்ட நீதிபதி அந்த விளம்பர வாசகங்கள் உண்மையல்ல என்றார். 2011-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாகத் திரும்பியது. தீர்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வேதியியல் நகரவில்லை. நிறைந்துபோன கரியின் துளைகளைத் திறக்கத் தொழிற்சாலையில் 700, 800 டிகிரி சூடு வைக்கிறார்கள். வீட்டு மெஷின் 70 டிகிரி தொட்டாலே பெரிது.

கேள்வி: காட்டுக்குள் பச்சைச் சட்டைதானே நல்லது? அமெரிக்க வேட்டைக்காரர்கள் பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் நிற்கிறார்களே! (அருப்புக்கோட்டை வாசகர்)

பதில்: மானின் கண்ணில் நிறம் உணரும் செல்கள் இரண்டு வகைதான். நமக்கு மூன்று. அதனால் சிவப்பையும் பச்சையையும் மானால் பிரித்தறிய முடியாது. ஆரஞ்சு அதற்கு மங்கலான ஏதோ ஒன்று. ஆரஞ்சு உடை, இன்னொரு வேட்டைக்காரர் ஆளை மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க. மானுக்கு நன்றாகத் தெரிவது நீலம். ஜீன்ஸோடு காட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க.

கேள்வி: உடையால் ஆகாது என்றால், அந்தக் காலத்தில் எப்படித்தான் மானை நெருங்கினார்கள்? (வத்திராயிருப்பு வாசகர்)

பதில்: காற்றைப் பார்த்து. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. ஒரு பிடி புழுதியை எடுத்து விரலிடுக்கில் மெல்ல விட்டால், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். காற்று முகத்தில் அடித்தால் வாடை முதுகுப் பக்கம் போகும். முதுகில் அடித்தால் நீங்கள் வருகிற செய்தி உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

மலையடிவாரத்தில் காற்று நாளுக்கு இரண்டு முறை பக்கம் மாறும். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று மேலே ஏறும். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் செண்பகத்தோப்பில் காலை பத்து மணிக்கு அடிவாரத்தில் நிற்பவரின் வாடை மேலே மேய்கிற மிளா மானுக்குப் போய்விடும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று ஓடை வழியே கீழே இறங்கும். அப்போது மேலே நிற்பவர் மாட்டிக்கொள்வார். இரண்டுக்கும் நடுவே காற்று தடுமாறிச் சுழலும் நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் எந்தப் பக்கமும் பத்திரமில்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி இறங்கி அடிக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் அடிபட்டு, நாள் முழுக்க மலையிலிருந்து சமவெளிக்குத்தான் வீச்சு.

மிளா சந்தேகப்பட்டால் என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறீர்களா? உடனே ஓடாது. காதுகளை முன்னே திருப்பி, மூக்கை உயர்த்தி, முன்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டும். வாலைத் தூக்கும். பிறகு, தாரை ஊதினது போல ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் சுற்றியிருக்கும் புள்ளிமானும் கேளையாடும் உஷார். வாடை பட்ட பிறகு சந்தேகமே இல்லை, ஓட்டம்தான். கண்ணையும் காதையும் மான் ஒரு நொடி சந்தேகப்படும், மூக்கை ஒருபோதும் சந்தேகப்படாது.

கேள்வி: பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறேன். என் மேல் எப்போதும் மருந்து வாடை. காட்டில் அது மனித வாடையை மறைக்குமா? (வெம்பக்கோட்டை வாசகர்)

பதில்: மறைக்காது. ஒரு வாடை மேல் இன்னொரு வாடையைப் பூசினால் நம் மூக்கு குழம்பும், மானின் மூக்கு இரண்டையும் தனித்தனியாக எண்ணும். கந்தகத்தோடு ஒரு மனிதன் வருகிறான் என்றே அதற்குப் புரியும்.

உடையைப் பற்றிய பேச்சு நடப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வாடை அடக்கும் உடைகள் பெரும்பாலும் பாலியஸ்டர். அந்த மாதிரித் துணி உரசினால் நிலைமின்சாரம் ஏறும். மருந்து செலுத்தும் அறையில் ஒரு சின்னப் பொறி போதும். பருத்தி உடைதான் போட வேண்டும் என்ற விதி அதற்காகத்தான். அறைக்குள் நுழையும் முன் உலோகத் தகட்டில் கை வைத்து மின்சாரத்தை இறக்குவதும் அதற்காகத்தான். அவசரத்தில் அந்தத் தகட்டைத் தாண்டிப் போகாதீர்கள். மானுக்குத் தெரியாமல் இருப்பதைவிட நீங்கள் மாலை வீடு திரும்புவது முக்கியம்.

கேள்வி: எங்கள் ஊர் சிப்பிப்பாறை நாய்க்கும் மோப்பம் பலமா? (சாத்தூர் வாசகர்)

பதில்: மூக்கு உண்டு, ஆனால் அது கண்ணை நம்பி ஓடும் இனம். ஒல்லி உடம்பு, நீண்ட கால், கூர்ந்த பார்வை. நம் பக்கத்து இன்னொரு இனமான ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. நாயை வளர்ப்பது பெருமை. அதைக் கூட்டிக்கொண்டு முயல் வேட்டைக்குப் போவது குற்றம்.

கேள்வி: சென்ட் போட்டால் புலி வருமாமே? (ராஜபாளையம் கல்லூரி மாணவி)

பதில்: 2018-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பகுதியில் அவ்னி என்று பெயர் பெற்ற பெண்புலியை வரவழைக்க, வனத்துறை ‘அப்செஷன்’ என்ற ஆண்கள் வாசனைத் திரவியத்தைத் தெளித்தது உண்மை. அதற்கு முன்பே நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக்காட்சி சாலையில் சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலிகளிடம் அதைச் சோதித்திருந்தார்கள். அந்தத் திரவியத்தில் புனுகின் வாசனையைச் செயற்கையாகச் செய்து சேர்த்திருக்கிறார்கள். நம் கோயில்களில் சாமிக்குச் சாத்துகிற அதே புனுகின் வாசனை! அவ்னி சென்ட்டுக்கு மயங்கியதாகத் தெரியவில்லை. அந்த நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டது. நீங்கள் சதுரகிரிக்குப் போகிறீர்கள் என்றால் சென்ட் வேண்டாம். புலி வரும் என்பதற்காக அல்ல, காட்டில் வாடையும் ஒரு பாஷை. அங்கே போய்க் கூச்சல் போடக்கூடாது.

கேள்வி: அமெரிக்காவில் மான் வேட்டைக்கு அனுமதி, இங்கே ஜெயில். இது என்ன நியாயம்? (பெயர், ஊர் எழுதாத வாசகர்)

பதில்: அங்கே வெள்ளைவால் மான்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. லைசென்ஸ், பருவம், எண்ணிக்கை எல்லாம் வகுத்து அனுமதிக்கிறார்கள். இங்கே 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் மான்களைக் காக்கிறது. கொல்வது மட்டும் வேட்டை என்று நினைக்காதீர்கள். கண்ணி வைப்பது, துரத்துவது, இரை வைத்து இழுப்பது, முயன்று தோற்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான்.

சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் இப்போது வெறும் சரணாலயம் அல்ல. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஐந்தாவது, நாட்டில் 51-வது. புலிகள் காப்பகத்தில் வேட்டையாடினால் முதல் குற்றத்துக்கே 3 ஆண்டுக்குக் குறையாத சிறை, 7 ஆண்டுவரை நீளலாம். புலிக்குச் சோறு மான். மானை எடுத்தால் புலி ஊருக்குள் மாட்டைத் தேடும். அப்புறம் காட்டைக் காப்பாற்றச் சொல்லி யாரிடம் போய் நிற்பது?

கேள்வி: மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி உழுது போட்டுவிடுகிறது. மூக்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, எங்களுக்கு ஒரு வழி சொல்லுங்கள். (ராஜபாளையம் விவசாயி)

பதில்: உங்கள் கேள்விதான் இந்த வாரத்தின் கனமான கேள்வி. அமெரிக்க வேட்டைக்காரர் வாடையை ஒளிக்கப் பணம் கொடுக்கிறார், நீங்கள் வாடையைக் காட்ட வேண்டியிருக்கிறது. வயலைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது, சலூனிலிருந்து முடி வாங்கித் தூவுவது, அழுகிய முட்டைக் கரைசல் தெளிப்பது எல்லாம் பன்றியின் மூக்கைக் குறி வைத்த வழிகள்தான். பலன் உண்டு, சில நாளைக்கு. மழை பெய்தால் வாடை போகும். ஆள் வரவில்லை, வெறும் வாடைதான் வருகிறது என்று பன்றி கண்டுகொண்டாலும் பயம் போகும். அதனால் ஒன்றையே நம்பாமல் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இடத்தையும் மாற்றுங்கள். வெடி போட்டு விரட்டுவதற்கும் இதே கதிதான். சத்தமும் பழகிவிடும்.

மின்வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பன்றிக்கு வைத்ததில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். பன்றியைச் சுடுவது பற்றி 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்வரை சுட அனுமதியில்லை. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வனத்துறை பிடித்துக் காட்டில் விடும். மூன்றைத் தாண்டி வரும் பன்றியை வனத்துறையின் பயிற்சி பெற்றவர்கள் சுடலாம். நீங்களாகச் சுட முடியாது. சேதத்தைப் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, இழப்பீடு கேளுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் உரிமை.

கேள்வி: எனக்கு வேட்டையில் ஆசையில்லை. ஒரு மானைக் கிட்டத்தில் பார்க்க ஆசை. என்ன உடுத்த? (திருத்தங்கல் வாசகி)

பதில்: மண் நிறத்தில் பழைய பருத்தி உடை. மல்லிகைப்பூ வேண்டாம், பவுடர் வேண்டாம். வனத்துறை அனுமதியோடு, அவர்கள் காட்டும் இடத்தில், காற்று முகத்தில் படும்படி உட்காருங்கள். பேசாதீர்கள். மரத்து மேலே மந்திகள் இருந்தால் அந்தப் பக்கம் கண் வையுங்கள். மந்தி உதிர்க்கும் இலைக்கும் பழத்துக்கும் கீழே புள்ளிமான் வந்து நிற்கும். மேலே இருப்பதற்குக் கண், கீழே இருப்பதற்கு மூக்கு. இரண்டும் ஒன்றையொன்று எச்சரித்துக்கொள்ளும். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் போதும், கரி உடைக்குச் செலவழிக்க வேண்டிய பணம் மிச்சம்.

கேள்வி: இவ்வளவு கூர்மையான மூக்கு இருந்தும் காட்டு விலங்குகள் ஏன் சாகின்றன? (சிவகாசி பள்ளி ஆசிரியர்)

பதில்: அந்த மூக்கினாலேயே சாகின்றன ஐயா. அவுட்டுக்காய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வெடிமருந்தைப் பழத்திலோ கொழுப்பிலோ இறைச்சியிலோ பொதிந்து வைத்துவிட்டுப் போவார்கள். வைத்தவன் ஒளிய வேண்டியதே இல்லை. விலங்கு வாசனை பிடித்துத் தானாக வரும், கடிக்கும், வாய் சிதறும். உடனே சாவதில்லை. தாடை உடைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாள் கணக்கில் திரியும். 2020 மே மாதம் பாலக்காட்டில் ஒரு சினை யானை அப்படித்தான் வாயில் காயத்தோடு ஆற்றில் இறங்கி நின்று, 27-ம் தேதி செத்தது. அதன் படத்தைப் பார்த்து நாடே அழுதது. பன்றிக்கு என்று வைத்ததை யானை தின்னும், மாடு தின்னும், ஆடு மேய்க்கும் பிள்ளை கையில் எடுக்கும்.

அந்த மருந்து மரத்தில் காய்ப்பதில்லை. எங்கோ ஒரு கணக்கில் வராத கொட்டகையில் கலக்கப்பட்டு, யாரோ ஒருவர் கையால் காகிதத்தில் மடித்துக் கொடுக்கப்படுவது. வெடிமருந்தைப் பற்றி நம் விருதுநகர் மாவட்டத்துக்குத் தெரிந்த அளவு வேறு எந்த மாவட்டத்துக்கும் தெரியாது. அதனால் பொறுப்பும் நமக்கே அதிகம். ஆலை வைத்திருப்பவர்கள் மீதி மருந்துக்குக் கிராம் சுத்தமாகக் கணக்கு வையுங்கள். “பன்றி விரட்டக் கொஞ்சம் மருந்து கொடுங்கண்ணே” என்று யார் கேட்டாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், கொடுக்காதீர்கள். அடிவாரத்தில் கம்பிக் கண்ணியோ சந்தேகமான உருண்டையோ கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, உடனே வனத்துறைக்கோ போலீசுக்கோ சொல்லுங்கள்.