ஒருவர் நுழைந்தால் ஒன்று

தொண்ணூறுகளில் பாலிடெக்னிக் லேபில் நான் விரும்பிக் கொடுத்த செய்முறை, வாசலைக் கடக்கும் ஆட்களை எண்ணும் சுற்று. கதவின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., எதிரே போட்டோடயோடு. குறுக்கே ஆள் வந்தால் ஒளி மறையும். எல்.எம்.358 அதைத் துடிப்பாக மாற்றும், 7490 எண்ணும், 7447 அந்த எண்ணை எஃப்.என்.டி.507 டிஸ்பிளேயில் எரிய வைக்கும். சாமான்கள் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை.

ஒவ்வொரு கட்டத்தையும் மாணவர் கணக்குப் போட்டே தாண்ட வேண்டும். சப்ளை 5 வோல்ட், எல்.இ.டி.யில் ஏறக்குறைய 1.2 வோல்ட் போய்விடும். 20 மில்லிஆம்பியர் ஓட 190 ஓம் வேண்டும். கடையில் கிடைப்பது 220. போட்டால் 17 மில்லிஆம்பியர், அது போதும். ஆனால் எல்.இ.டி. எரிகிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. 940 நானோமீட்டர் ஒளி நம் கண்ணுக்கு எட்டாது. போட்டோடயோடுடன் சேர்த்த 10 கிலோ ஓம் ரெசிஸ்டரில் மல்டிமீட்டரை வைத்து, கையை நீட்டி மறைத்தால் வோல்ட் மாறும். அந்த மாற்றம்தான் சாட்சி.

டிஸ்பிளேயில் 6 வரும்போது மேல்கோடு இருக்காது. வயரிங் தப்பு என்று பிரித்து மாட்டுவார்கள். டேட்டா ஷீட்டை எடுத்துப் பார்த்தால்தான், 7447 ஆறை அப்படித்தான் போடும் என்பது தெரியவரும். புத்தகத்தைத் தேடிப் படிக்கும் பழக்கம் பலருக்கு அங்கேதான் தொடங்கியது.

கடைசியில் பெரிய சிக்கல் வரும். ஒருவர் மெதுவாக நுழைந்தால் மூன்று, நான்கு என்று ஏறும். அறையில் எரியும் குண்டு பல்பின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. பாதி மறைந்த நிலையில் சிக்னல் எல்லைக்கோட்டின் மேலும் கீழும் ஆடும். 7490 ஒவ்வோர் இறக்கத்தையும் ஓர் ஆளாக எண்ணிவிடும். எல்.எம்.358-இன் அவுட்புட்டிலிருந்து பிளஸ் இன்புட்டுக்குப் பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால், ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் பிரிந்துவிடும், ஆட்டம் நிற்கும்.

இன்று என் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம் இந்தக் கருவிகளைப் பள்ளி வரைக்கும் கொண்டுவந்திருக்கிறது. ஐ.ஆர். (அகச்சிவப்பு) மாட்யூலில் எல்.எம்.393, பிரீசெட், ரெசிஸ்டர் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. மூன்று வயர் போதும். ஆர்டுயினோவில் சில வரி புரோகிராம், 16x2 எல்.சி.டி.யில் எண்ணோடு பெயரும் வரும். பழைய மாணவர்கள் பல வகுப்புகள் உழைத்ததை இவர்கள் ஒரே மதியத்தில் முடிக்கிறார்கள். மனதார மகிழ்கிறேன்.

ஆனாலும் அதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. சென்சார் முன் கையை வைத்தால் எண் நூறு, இருநூறு என்று ஓடுகிறது. "சார், நான் ஒரு தடவைதானே வச்சேன்?" என்கிறாள் ஒரு மாணவி. போர்டு நொடிக்குப் பலமுறை சென்சாரைப் படிக்கிறது. படிக்கும்போதெல்லாம் கை அங்கேயே இருக்கிறது. போன முறை இல்லாதது இந்த முறை இருந்தால் மட்டும் எண்ணு என்று புரோகிராமில் எழுத வேண்டும். 7490 தானாகச் செய்துவந்த வேலை அது.

ஆள் நுழைந்தார் என்பதை ஒரு சுற்று எதை வைத்து முடிவு செய்கிறது? அன்று அதற்கு ரெசிஸ்டரால் பதில் சொன்னோம்; இன்று புரோகிராமால் சொல்கிறோம். அந்தக் கேள்வியை மாணவர் தானே கேட்கும்போதுதான் எலக்ட்ரானிக்ஸ் பாடம் தொடங்குகிறது.

அதனால் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: மாட்யூலைக் கையில் கொடுக்கும் முன், ஒரு வகுப்பாவது தனி எல்.இ.டி., தனி போட்டோடயோடு, இரண்டு ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர் கொடுங்கள். மறைந்த ஒளியை எண்ணாக அளந்து பார்த்த பிள்ளை, எந்த மாட்யூல் மக்கர் பண்ணினாலும் எங்கே மீட்டரை வைப்பது என்று தானே கண்டுபிடிக்கும்.