அலமாரியில் ரோபோ இல்லை என்பது

இன்மை நான்கு வகைப்படும் என்பது தருக்க நூலாரின் முடிவு. சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழாக்கித் தந்த தருக்க சங்கிரகம் அவற்றை முறையாகப் பகுக்கிறது. பொருள் உண்டாவதற்கு முன் இல்லாதிருப்பது ஒன்று. இருந்து, பின் இல்லாமற்போவது ஒன்று. எக்காலத்தும் இல்லாதிருப்பது ஒன்று. இது அதுவன்று என்பது மற்றொன்று. வெறுந்தரையைப் பார்த்து 'இங்கே குடம் இல்லை' என்று ஒருவன் அறிவது எப்படி என்று அவர்கள் நீண்ட வாதம் செய்தார்கள். ஜொகூர் பாருவில் பேரங்காடியின் பொம்மைக் கடைக்குள், தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தோடு நுழைந்து, தான் தேடிவந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மையைக் காணாமல் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இதே கேள்விதான். அந்தப் பிள்ளைக்கு நியாயமான பதில் ஒன்று கிடைக்க வேண்டும். கடைக்காரரைக் குறை சொல்லிவிட்டு நகர்வது பதிலாகாது.

முதலில் அந்தச் சுவரைப் பார்ப்போம். வரிசை வரிசையாக இரும்புக் கொக்கிகள். ஒரு கொக்கியில் பம்பிள்பீ என்ற மஞ்சள் ரோபோ ஏழெட்டு தொங்குகிறது. முன்னால் இருக்கும் அட்டையின் மூலை மடிந்து வெள்ளைக் காகிதம் தெரிகிறது. கடைவிளக்கு பட்டுப் பட்டு மஞ்சள் நிறம் வெளுத்திருக்கிறது. விலை ஒட்டியின் மேல் இன்னொரு விலை ஒட்டி, அதற்கும் மேல் சிவப்பில் கழிவு விலை. "அண்ணே, புது வேவ் எப்ப வரும்?" என்று பிள்ளை கேட்கிறது. "பழசு போகட்டும் தம்பி, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் கடை ஊழியர். இந்த ஒரு வரியில் முழு விளக்கமும் இருக்கிறது. அதை விரித்துச் சொன்னால் போதும்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸை வெளியிடும் ஹாஸ்ப்ரோ நிறுவனம் டீலக்ஸ் அளவுப் பொம்மைகளைக் கடைக்காரர் கேட்டபடி தனித்தனியாக அனுப்புவதில்லை. எட்டுப் பொம்மைகள் ஒரு கேஸ். அந்த எட்டில் யார் யார், எவர் எத்தனை என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் பெயர் தெரிந்த பாத்திரங்கள் இரண்டு மூன்றாக வரும். சேகரிப்பவர்கள் தேடும் புதிய பாத்திரம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று வரும். கடைக்காரர் மூன்று கேஸ் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்துநான்கு பொம்மைகளில் தேடப்படும் பொம்மை மூன்று. அந்த மூன்றும் கேஸைப் பிரித்த நாளிலேயே விற்றுப்போகும். மீதியில் பாதி ஒரு மாதத்தில் போகும். பத்துப் பொம்மைகள் கொக்கியிலேயே தங்கும். அடுத்த வேவ், அதாவது அடுத்த வெளியீட்டுத் தொகுதி, வரும் கேஸிலும் பழைய முகங்கள் சில சேர்ந்தே வரும். கொக்கி நிரம்பிக் கிடக்கும் கடைக்காரர், தேடப்படும் ஒன்றுக்காக வேண்டாத ஏழையும் வாங்க மாட்டார். வாங்கச் சொல்வதும் நியாயமில்லை. வாடகை அவர் தலையில்தான் விழுகிறது.

கடைகள் ஆர்டர் கொடுக்காவிட்டால் விநியோகஸ்தர் அந்த வேவை மலேசியாவுக்கு இறக்க மாட்டார். ஒவ்வொரு தொடரிலும் கடைசியாக வரும் பொம்மைகளே இதில் அதிகம் பலியாகின்றன. தொடர் முடியப்போகிறது, அடுத்த தொடருக்குக் கொக்கி காலியாக வேண்டும், ஆகவே கடைசி வேவ் இந்த நாட்டுக்குத் தேவையில்லை என்று முடிவாகிவிடும். கதையில் வில்லனுக்குத் துணையாக வந்தவன், ஓர் அத்தியாயத்தில் மட்டும் தோன்றி மடிந்தவன் போன்ற சிறு பாத்திரங்கள் இப்படித்தான் நம் கண்ணில் படாமலே போகிறார்கள். தருக்க நூலார் சொன்ன நான்கில் எதுவும் இதற்கு முழுதாகப் பொருந்தவில்லை. பழையதன் இருப்பே புதியதன் இன்மைக்குக் காரணமாக நிற்பதை ஐந்தாவது வகை என்று சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஜொகூரில் மிகுதியாகக் காணப்படுவது இந்த வகைதான்.

மற்ற நான்குக்கும் உதாரணம் உண்டு. உண்டாவதற்கு முன் இல்லாமைக்கு ஆர்ஸி என்ற பெண் ரோபோ தக்க சான்று. 1986இல் வெளிவந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் திரைப்படத்தில் அவளுக்கு நல்ல இடம் இருந்தது. ஆனால் அன்றைய பொம்மை வரிசையில் அவளைச் செய்யவே இல்லை. பெரிய அளவில் கடைக்கு வந்த ஆர்ஸி பொம்மைக்கு 2004 வரை, எனர்ஜான் தொடர் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பெண் பொம்மையைப் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்ற எண்ணம் அந்தத் தொழிலில் வெகுகாலம் வேரூன்றியிருந்தது. பையன்களிடமும் பெண்பிள்ளைகளிடமும் யாரும் சரியாகக் கேட்டுப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கடைக்கு வரவே கூடாது என்று திட்டமிட்டுச் செய்யப்படுபவையும் இருக்கின்றன. 2019இல் ஹாஸ்ப்ரோ தன் ஹாஸ்லேப் திட்டத்தில் யூனிக்ரான் என்ற கோள்தின்னும் ரோபோவை அறிவித்தது. 8,000 பேர் முன்பணம் கட்டினால் செய்வோம், இல்லாவிட்டால் இல்லை என்றது. விலை ஏறத்தாழ 575 அமெரிக்க டாலர். குறித்த கெடுவுக்குள் ஆள் சேராமல் கெடுவை நீட்டி, அக்டோபரில் இலக்கை எட்டினார்கள். பொம்மை வாங்கியவர் வீட்டுக்குப் போனது 2021இல். ஜப்பானில் பண்டாய் நிறுவனம் ப்ரீமியம் பண்டாய் என்ற இணையக் கடையில் கன்டாம் என்ற ரோபோ மாடல்கள் பலவற்றை இதே முறையில் விற்கிறது: குறித்த நாளுக்குள் ஆர்டர், பல மாதம் கழித்து அஞ்சலில் பெட்டி. நிறுவனத்துக்கு விற்காத சரக்கு என்ற பயமே இல்லை. ஆனால் கடன் அட்டை இல்லாத பிள்ளைக்கு இந்த வாசல் முழுதும் அடைபட்டிருக்கிறது. அமெரிக்காவில் டார்கெட், வால்மார்ட் என்ற கடைகளுக்கென்றே தனியாகச் செய்யப்படும் பொம்மைகளும் அப்படியே. அந்தக் கடைகள் மலேசியாவில் ஒன்றுகூட இல்லை.

எக்காலத்தும் இல்லாமைக்குச் சட்டமும் உரிமையும் காரணம். மேக்ராஸ் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் வால்கிரி விமானம் ரோபோவாக மாறும் அழகை மேக்ராஸ் பெயரிலேயே ஜப்பானுக்கு வெளியே நேர்வழியில் வாங்க முடியாமல் பல பத்தாண்டுகள் போயின. ஜப்பானின் பிக்வெஸ்ட் நிறுவனத்துக்கும் அமெரிக்காவின் ஹார்மனி கோல்டு நிறுவனத்துக்கும் இருந்த உரிமைச் சிக்கல் 2021 ஏப்ரலில்தான் உடன்பாட்டில் முடிந்தது. அதே வால்கிரியை தக்கதோக்கு நிறுவனத்திடமிருந்து வாங்கி 1985இல் ஹாஸ்ப்ரோ ஜெட்ஃபயர் என்று விற்றது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூனில் பெயரை ஸ்கைஃபயர் என்று மாற்றி, உருவத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஜப்பானில் டிரான்ஸ்ஃபார்மர்ஸை விற்ற டக்காரா நிறுவனம் அவனை விற்கவே இல்லை, ஏனென்றால் அச்சுகள் போட்டி நிறுவனமான பண்டாயின் கைக்குப் போயிருந்தன.

இருந்து, பின் இல்லாமற்போனதற்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வில்லன் மெகட்ரான் உதாரணம். அவனுக்கு வேறு தடை. 1984இல் வந்த அவன் உருமாறினால் வால்தர் பி38 கைத்துப்பாக்கி. அமெரிக்கா 1988இல் பொம்மைத் துப்பாக்கிகளின் குழல் நுனியில் ஆரஞ்சு நிறம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. 1993இல் ஹாஸ்ப்ரோ அவனை டாங்கியாக மாற்றிவிட்டது. 2007இல் டக்காரா டோமி மாஸ்டர்பீஸ் வரிசையில் அவனை மீண்டும் துப்பாக்கியாகவே, இன்னும் அச்சு அசலாகச் செய்தது. மலேசியாவின் ஆயுதச் சட்டம் 1960 போலி ஆயுதங்களையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் குறையில்லை. பெட்டியைத் திறக்கும் சுங்க அதிகாரியின் இடத்தில் நானிருந்தாலும் தயங்குவேன்.

மலேசியாவில் பாதுகாப்பு விதியும் உண்டு. 2009ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளின்படி 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகள் சோதனையில் தேறிச் சான்று பெற வேண்டும். ஈயமோ விழுங்கும் துண்டோ பிள்ளையின் வாய்க்குள் போகக் கூடாது என்பதற்கான விதி இது, இருக்கத்தான் வேண்டும். இருபது பெட்டி மட்டும் இறக்கும் சிறு வணிகருக்குச் சோதனைச் செலவு கட்டுப்படியாகாது என்பது இதன் மறுபக்கம். ஜப்பானியப் பெட்டிகளில் '15 வயதுக்கு மேல்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். அவை பெரியவர்களின் சேகரிப்பாக, கண்ணாடிக் கூண்டுக்குள், பிள்ளையின் கைக்கு எட்டாத விலையில் நிற்கின்றன.

இது அதுவன்று என்ற இன்மையை இரவுச் சந்தைக்குப் போனால் காணலாம். அசலை விடப் பெரிதாக, அசலின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, மூட்டு தளர்ந்த போலிப் பொம்மை பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குத் தொங்குகிறது. பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள். அசல் எங்கே விற்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இவ்வளவும் பேசியபின் ஜொகூருக்கே உரிய ஒரு நிலையைச் சொல்லியாக வேண்டும். கேலாங் பாத்தாவில் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இருக்கிறது. 2000இல் மெர்ஸ்க் நிறுவனம் தன் மையத்தைச் சிங்கப்பூரிலிருந்து அங்கே மாற்றியதிலிருந்து அது பெரிதும் வளர்ந்திருக்கிறது. 2021இல் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. அவற்றில் மிகப் பெரும் பங்கு ஒரு கப்பலிலிருந்து இறங்கி மறு கப்பலில் ஏறும் சரக்கு. சீனாவிலும் வியட்நாமிலும் செய்த பொம்மைகள் ஐரோப்பாவுக்குப் போகும் கடல்வழி மலாக்கா நீரிணைதான். நாம் தேடும் ரோபோ ஜொகூர் மண்ணில் ஓரிரவு தங்கி, சுங்கக் கோட்டைத் தாண்டாமலே ராட்டர்டாம் போயிருக்க முழு வாய்ப்புண்டு. அது அலமாரியில் இல்லை. ஜொகூரில் இல்லை என்று சொல்லவும் முடியாது.

காஸ்வேயின் மறுமுனையில் சிங்கப்பூர்க் கடையில் அதே பொம்மை இருப்பதும் உண்டு. அங்கே வேலைக்குப் போய் இரவில் மோட்டார் சைக்கிளில் திரும்பும் அப்பா உள்ள பிள்ளைக்கு அது கிடைக்கும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்பதால் ஜொகூரிலேயே கூலாயிலோ குளுவாங்கிலோ வேலை செய்யும் அப்பாவின் பிள்ளைக்குக் கிடைக்காது. இணையத்தில் வரவழைத்தால் 2024 ஜனவரி முதல் 500 ரிங்கிட் வரையிலான பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி.

இந்த இன்மை விதிக்கப்பட்டதல்ல என்பதற்குக் கன்டாம் மாடல்களே சாட்சி. 1980 ஜூலையில் பண்டாய் 300 யென்னுக்கு வெளியிட்ட முதல் ஆர்எக்ஸ்-78 மாடலை அந்த நிறுவனம் இன்றும் திரும்பத் திரும்ப அச்சில் வார்த்து விற்கிறது. அங்கே ஒரு கேஸில் ஒரே மாடல்தான் இருக்கும். எது விற்றதோ அதையே கடைக்காரர் மறுபடி கேட்கலாம். டிரான்ஸ்ஃபார்மர்ஸை இறக்கும் விநியோகஸ்தர்கள் கலப்புக் கேஸைத் தங்கள் கிடங்கிலேயே பிரித்து, ஜொகூர்க் கடைக்காரருக்கு வேண்டிய பொம்மையை மட்டும், ஐந்தோ ஆறோ, தனியாகக் கொடுக்கத் தொடங்கலாம். பம்பிள்பீ கோலாலம்பூர்க் கிடங்கில் காத்திருக்கட்டும். கடைசி வேவின் அந்தச் சிறு பாத்திரம் ஜொகூர் பாருவின் கொக்கிக்கு வரட்டும், கடன் அட்டை இல்லாமல், ரொக்கப் பணத்துக்கு.