கஞ்சி கூடிப்போன பலகை

திண்டுக்கல் நாகல் நகரில் நின்றுகொண்டு எந்தத் திசையில் கிளம்பினாலும் கடல் நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் ஏழடி அலைச்சறுக்குப் பலகையை ஆட்டோவில் குறுக்கே வைத்துக் கொண்டுவந்து இறக்கினால் தெரு சும்மா இருக்குமா? "அயர்ன் பண்ற டேபிளா சார்?" என்றார் ஒருவர். சறுக்குற பலகை என்று விளக்கியதும், "சிறுமலையில இருந்தா?" என்று ஒரு பொடியன் கேட்டான். அவனுக்குத்தான் இவரால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆசாமிக்கு வீடு இங்கே, வேலை சென்னையில். ஞாயிறானால் கோவளம். மீனவரான மூர்த்தி மேகவன் தானே கற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து அலைச்சறுக்கில் பேர் வாங்கித் தந்த ஊர் அது. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதும் இவருக்கும் சொந்தப் பலகை ஆசை வந்துவிட்டது. பழைய பலகை ஒன்று மலிவாக வந்தது. மலிவுக்குக் காரணம், அடியில் மீன் செட்டை மாதிரி நிற்கவேண்டிய ஃபின் பெயர்ந்து தனியாகக் கையில் இருந்தது.

ஃபின் இல்லாத பலகையின் வால், சோப்பு நுரையில் கால் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். 1935-இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர், கைவிடப்பட்ட விசைப்படகு ஒன்றின் உலோக அடிக்கட்டையைக் கழற்றித் தன் பலகையில் பொருத்தினார். அதுதான் ஆரம்பம். இன்று பல பலகைகளில் ஃபின்னைச் சின்ன சாவி கொண்டு திருகிப் பூட்டலாம், கழற்றலாம். 2019-இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல்லுக்கு இந்த வகைதான் பொருத்தம். ஆனால் இவர் வாங்கியதோ நிரந்தரமாக ஒட்டும் பழைய ரகம்.

ஒட்டுவதற்கு ரெசின் என்ற பிசினும் ஃபைபர் கிளாஸ் என்ற கண்ணாடி இழையும் வேண்டும். கடைக்காரர் ரெசின் டப்பாவோடு 'மேட்' என்ற வெள்ளை விரிப்பைச் சுருட்டிக் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டிக்கும் படகுக்கும் அதைத்தான் போடுகிறார்கள். முதலில் ஒரு தெர்மோகோல் துண்டில் ஒத்திகை பார்த்தார். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரின் தெர்மோகோலைத் தின்றுவிடும் என்பது, துண்டு பாதியாகக் கரைந்த பிறகு தெரிந்தது. நல்லவேளை, பலகையின் உள்ளே இருந்தது பாலியூரித்தேன் நுரை.

மே மாத வெயில். ரெசினை இறுக்கும் ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு போதும். இவரோ, ஆடாமல் நிற்கவேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார். குளியலறை மக்கில் கலந்து வைத்த ரெசின் தானே சூடேறி, புகைந்து, மக்கோடு கட்டியாகிவிட்டது. வீட்டம்மா அந்த மக்கை இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவது கலவையில் மேட்டைத் தோய்த்து, ஃபின்னின் இரு பக்கமும் மும்மூன்று அடுக்காக அப்பினார். ஃபின் அசையவில்லை. பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தால், ஃபின் 240 கிராம், ஒட்டு 330 கிராம். கல்யாணப் பெண்ணை விட நகை கனம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். மீதமிருந்த மேட்டைக் கையில் எடுத்து, விரலால் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தம்பி, இது துணியா? பாவும் இல்ல, ஊடையும் இல்ல. கோழி கிளறிப் போட்ட மாதிரி இருக்கு."

அவர் சொன்னது அப்பட்டமான பொறியியல். மேட் என்பது நறுக்கிய இழைகளைத் தாறுமாறாகத் தூவிய விரிப்பு. தன் எடையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும். நெய்த கண்ணாடித் துணிக்கோ கிட்டத்தட்டச் சம எடை ரெசின் போதும். பெரியவர் நிறுத்தவில்லை. "பாவுக்குக் கஞ்சி போடுறோம். இழுவையத் தாங்குறது நூலு. கஞ்சி அதைச் சேத்துப் புடிக்கத்தான். கஞ்சி கூடுனா நூல் மொடமொடன்னு முறியும்." கஞ்சி என்ற இடத்தில் ரெசின் என்று போட்டுக்கொள்ளலாம், வேறெதையும் மாற்றவேண்டாம்.

ஒட்டை அரைத்து எடுக்க ஒரு நாள். கண்ணாடித் தூள் அரிப்பில் முழுக்கைச் சட்டையின் அருமை புரிந்தது. பிறகு சென்னையிலிருந்து ஆறு அவுன்ஸ் நெய்த துணி வரவழைத்தார். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம். ஃபின்னின் அடி மூலையில் ரெசினைக் கொட்டி நிரப்பாமல், ரெசினில் நனைத்த கண்ணாடி இழைக் கயிற்றைப் பதித்தார். அதன்மேல் துணி, ஒவ்வொரு அடுக்கும் முந்தியதை விடக் கொஞ்சம் பெரியது. ரப்பர் பட்டையால் வழித்து, இழை தெரிகிற அளவுக்கு உபரி ரெசினைப் பெரியவர் மேற்பார்வையில் வெளியேற்றினார். தேய்த்து முடித்தபின் ஒட்டின் எடை 80 கிராம்.

கால் கிலோ மிச்சம்! அதுவும் வாலில். பலகை திரும்புவதே வாலை அழுத்தித்தான் என்பதால், கனம் அங்கே குறைந்தால் நல்லது. அந்தப் பெருமையோடு இரவு பஸ்ஸுக்குப் போனார்.

கண்டக்டர் பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

"மொத்தமே நாலு கிலோதாங்க. கால் கிலோ குறைச்சிருக்கேன்" என்றார் இவர்.

"வெயிட்டு யாரு சார் கேட்டா? நீளத்தப் பாருங்க. ரெண்டு சீட்டுக்குப் பணம் எடுங்க."